ஆல்பம் முதல் செல்போன் வரை: வீட்டுப் படங்களைக் காக்கும் குறிப்புகள்

கூடத்துச் சுவரில் மாட்டிய பெரிய படம், பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் ஆல்பம், ஷோகேஸில் தூசி படிந்த கல்யாண வீடியோ கேசட், பக்கத்தில் ஒரு டிவிடி, எல்லோர் கையிலும் ஒரு செல்போன் என்று ஒரு குடும்பத்தின் படங்கள் நாலைந்து இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடும். கெடும் வேகமும் வேறு வேறு. கறுப்பு வெள்ளைப் படம் பல காலம் தாங்கும். வீடியோ நாடா அவ்வளவு நாள் காத்திருக்காது. படத்தில் இருப்பது யார் என்று சொல்லத் தெரிந்த பெரியவர்களுக்கோ அதைவிட அவகாசம் குறைவு. ஆகவே, எதில் அவசரம் அதிகமோ அதிலிருந்து தொடங்குகிறேன்.

1. முதலில் பெயரைக் கேளுங்கள்.
ஸ்கேன் செய்வது, புது ஆல்பம் வாங்குவது எல்லாம் அப்புறம். வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தை அவர் கையில் கொடுத்துக் கேளுங்கள். "இது யார்?" என்று மட்டும் கேட்டால் ஒரு பெயரோடு பேச்சு நின்றுவிடும். "இது யார் வீட்டு வாசல்? அன்றைக்கு என்ன விசேஷம்? இந்தப் புடவை எங்கே எடுத்தது?" என்று கேட்டால்தான் வளரும். எங்கள் பெரியம்மாவிடம் ஒரு குடும்பப் படத்தைக் காட்டி, பின்வரிசையில் ஓரமாக நிற்கும் பையன் யார் என்று கேட்டேன். "அவன் நம்ம வீட்டுப் பிள்ளை இல்லப்பா. ஸ்டூடியோக்காரர் கூட லைட் பிடிக்க வந்தவன். அவனும் நிக்கட்டும்னு தாத்தாதான் கூப்பிட்டு நிறுத்தி வச்சாரு" என்றார். அந்தப் பையனை இத்தனை வருடமாக நாங்கள் எல்லோரும் ஒரு சித்தப்பா என்று நினைத்துக்கொண்டிருந்தோம். படத்தை எந்த இயந்திரத்தில் போட்டு எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்தச் செய்தி கிடைக்காது.
பேசுவதைச் செல்போனில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கினால், எந்தக் கதை எந்தப் படத்துக்கு என்று பின்னால் குழப்பம் வராது.

2. உறவுமுறையை மட்டும் எழுதி வைக்காதீர்கள்.
"பெரிய அத்தை" என்று எழுதினால் இன்றைக்கு உங்களுக்கு விளங்கும்; உங்கள் பேத்திக்கு விளங்காது. முழுப்பெயர், ஊர், யாருடைய மகள், யாருடைய மனைவி, ஏறத்தாழ எந்த ஆண்டு என்று எழுதுங்கள். குழுப்படமானால் இடமிருந்து வலம், முன்வரிசை பின்வரிசை என்று குறியுங்கள். பழைய தடித்தாள் படங்களின் பின்புறம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரமாக எழுதலாம். பால்பாயின்ட் பேனா வேண்டாம். அழுத்தம் முன்பக்கம் தழும்பாகத் தெரியும், மையும் அடுத்த படத்தில் ஒட்டும். எழுபதுகளுக்குப் பிறகு வந்த வழுவழுப்பான கலர் பிரிண்ட்டுகளில் பென்சில் எழுதாது. அவற்றுக்கு ஒரு காகிதத் துண்டில் எழுதி, படத்தோடு ஒரே உறையில் வைத்துவிடுங்கள்.

3. கல்யாண வீடியோ கேசட்டை இந்த ஆண்டே மாற்றிவிடுங்கள்.
விஎச்எஸ் முறையை ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976-ல் கொண்டுவந்தது. அதை ஓட்டும் விசிஆர் கருவியைக் கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஃபூனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இன்று ஓடிக்கொண்டிருப்பவை எல்லாம் பழைய கருவிகள்தான். நாடா நன்றாக இருந்தாலும் ஓட்டக் கருவி இல்லாத நாள் வரும்.
கேசட்டின் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பாருங்கள். நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடி போல் தெரிந்தால் அது பூஞ்சை. அப்படியே ஓட்டினால் கருவியின் உள்ளேயும் பரவும், நாடாவும் அறுபடலாம். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பூஞ்சை இல்லாவிட்டால், முதலில் ஒரு தரம் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி, பிறகு பதிவெடுங்கள். பல காலம் அசையாமல் கிடந்த சுருளின் இறுக்கம் அப்போதுதான் சீராகும்.
மாற்றித் தரும் கடைக்காரரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். ஒன்று, டிவிடியாக வேண்டாம், எம்பி4 கோப்பாக வேண்டும். இரண்டு, புதிதாகப் பாட்டு எதுவும் சேர்க்க வேண்டாம். அந்தக் காலத்து வீடியோக்களில் பாதி நேரம் சினிமாப் பாட்டுதான் ஓடும். இடையிடையே, பாட்டுப் போட மறந்த இடங்களில், உண்மையான சத்தம் இருக்கும்: கெட்டிமேளம், சமையல்கட்டுச் சத்தம், "பொண்ணைக் கூப்பிடுங்கோ" என்று யாரோ போடும் குரல். அதுதான் பொக்கிஷம். இதய வடிவச் சட்டத்துக்குள் மணமக்கள் சுழன்று வருவதையும் வெட்டச் சொல்லாதீர்கள். எண்பது, தொண்ணூறுகளின் ரசனைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

4. ஆடியோ கேசட்டில் பாட்டைத் தேடாதீர்கள், குரலைத் தேடுங்கள்.
பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகம் செய்த இந்தச் சின்னப் பெட்டிதான் தமிழ் வீடுகளுக்குள் சினிமாப் பாட்டையும் கதைவசனத்தையும் கொண்டுவந்து குவித்தது. அந்தப் பாடல்களில் பெரும்பாலானவை இன்று வேறு எங்காவது கிடைத்துவிடும். கிடைக்காதது, வீட்டில் பதிவு செய்தது: வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனவருக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட், ஆச்சி பாடிய தாலாட்டு, குழந்தை மழலையில் திருக்குறள் சொன்னது. சி-60, சி-90 என்று மேலே அச்சிட்டிருக்கும் வெற்றுக் கேசட்டுகளை முதலில் போட்டுக் கேளுங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே குரல் ஒளிந்திருக்கும்.
கேட்பதற்கு முன் கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிடுங்கள். பிறகு ரெக்கார்டு பொத்தானை யார் தெரியாமல் அழுத்தினாலும் அழியாது. தளர்ந்த நாடாவைப் பென்சில் நுழைத்துச் சுற்றிச் சரிசெய்யுங்கள். டேப்ரிக்கார்டரின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால், மந்தமாகக் கேட்டது தெளிவாகும். ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கேபிளைக் கணினிக்குக் கொடுத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யலாம். ஸ்பீக்கர் பெட்டியின் மேல் கேசட்டை அடுக்கி வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் காந்தம் பதிவைக் கெடுக்கும்.

5. சிடியின் மேற்பக்கமும் ஆபத்தான பக்கம்தான்.
பளபளக்கும் அடிப்பக்கத்தை மட்டும் எல்லோரும் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். சிடியில் தகவல் பதிந்திருக்கும் அடுக்கு, பெயர் எழுதும் மேற்பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. அங்கே கீறினால் சரிசெய்ய வழியில்லை. துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வீட்டில் எழுதிய சிடி, டிவிடிகளில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப்பூச்சு. அது காலப்போக்கில் மங்கும். யுஎஸ்பியில் இணைக்கும் டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கியோ இரவல் வாங்கியோ எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்க்கில் இறக்கிவிடுங்கள்.

6. ஒட்டும் ஆல்பத்திலிருந்து படங்களை எடுத்துவிடுங்கள்.
பிசின் கோடு போட்ட அட்டை, மேலே ஒளிபுகும் தாள். இந்த வகை ஆல்பம் எண்பதுகளில் வீட்டுக்கு வீடு இருந்தது. அந்தப் பிசினும் அட்டையும் படத்தை மஞ்சளாக்கும். வருடம் போகப் போகப் பிடிப்பு இறுகும். நகத்தால் நெம்பினால் மூலை மடிந்து உடையும். பல் இடுக்கு சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்து, ரம்பம் போல் மெதுவாக இழுத்துக்கொண்டே வாருங்கள், விட்டுக்கொடுக்கும். வராத படத்தை இழுக்காதீர்கள். அப்படியே அட்டையோடு வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்தவற்றைப் பாலிப்ரொப்பிலீன் உறையிலோ நல்ல காகித உறையிலோ போடுங்கள். பிளாஸ்டிக் நெடி அடிக்கும் பிவிசி உறை வேண்டாம்.

7. கண்ணாடியில் ஒட்டிப்போன படம்.
படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் அது இளகும், காய்ந்தால் எதிரே இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். பிரிக்க முயல்வதற்கு முன் கண்ணாடியின் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, கண்ணாடி வழியாகவே ஸ்கேன் செய்துவிடுங்கள். அதோடு விட்டுவிடுவதே பெரும்பாலும் நல்லது.

8. சுவரில் பிரதி, பெட்டியில் அசல்.
மறைந்தவர் படத்துக்கு மாலை போடுகிறோம், கண்ணாடி மேல் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், சின்ன விளக்கு எரிகிறது, ஊதுபத்திப் புகை படுகிறது. அந்த மரியாதை எல்லாவற்றையும் ஒரு நல்ல பிரதிக்குச் செய்யலாம். அசல் படம் இருட்டில், உலர்ந்த இடத்தில் இருக்கட்டும். வெளிச்சம் சாயத்தைக் கரைக்கும். கலர் படத்துக்கு இதில் பாதிப்பு அதிகம். பிரதியைச் சட்டம் போடும்போது, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி விழும்படி அட்டை மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள். சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டுகளை ஒட்டினால் சுவரை விட்டுத் தள்ளி நிற்கும். மழைக்காலத்தில் சுவர் ஊறினாலும் காற்றோட்டம் இருக்கும்.

9. வெள்ளத்தில் நனைந்த ஆல்பம்.
2015 டிசம்பரில் சென்னையிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் வெள்ளம் வடிந்த தெருக்களில் ஆல்பங்கள் குப்பையாகக் குவிந்தன. அவற்றில் பலவற்றைக் காப்பாற்றியிருக்கலாம். நனைந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி காயக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். ஈரமாக இருக்கும்போதே ஆல்பத்திலிருந்து எடுத்து, ஒரு பேசினில் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் வைத்து, சேறு போக மெல்ல அலசுங்கள். படத்தின் முகத்தைத் தேய்க்காதீர்கள், விரல் வைக்காதீர்கள். ஓரத்தைப் பிடித்து எடுத்து, படம் மேலே பார்க்கும்படி வெள்ளைத் துணியிலோ அச்சடிக்காத காகிதத்திலோ பரப்பி நிழலில் காயவையுங்கள். கொடியில் கிளிப் போட்டும் தொங்கவிடலாம். செய்தித்தாள் வேண்டாம், மை ஏறும். வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம், சுருண்டுவிடும்.
வீட்டைக் கழுவவே நேரமில்லாத நேரத்தில் படத்துக்கு எங்கே போவது? ஓரிரு நாளில் பூஞ்சை தொடங்கிவிடும். உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ மின்சாரம் இருந்தால், படங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். உறைந்த நிலையில் கெடாது. நிதானம் வந்த பிறகு எடுத்து, சிறிது சிறிதாகக் கரையவிட்டுக் காயவைக்கலாம். எது முதலில் என்ற கேள்வி வந்தால், நெகட்டிவ் இல்லாத பழைய படங்களை முதலில் எடுங்கள்.

10. ராமபாணப் பூச்சியும் பூஞ்சையும்.
ஜெலட்டினும் மாவுப் பசையும் ராமபாணப் பூச்சிக்கு நல்ல தீனி. படங்களைச் சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரியிலும் பரணிலும் வைக்காதீர்கள். பரண் வெயிலில் கொதிக்கும், மழையில் ஊறும். அந்துருண்டையை ஆல்பத்தோடு சேர்த்து வைப்பது பழக்கத்தில் இருக்கிறது. அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும் என்பதால் படத்துக்கு அது ஆகாது. ஏடுகளோடு நம் முன்னோர் வைத்த வசம்பைத் துணியில் முடிந்து, படத்தில் படாமல் ஓர் ஓரத்தில் வையுங்கள்.
காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி அப்படித்தான். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், பதினைந்து நாளுக்கு ஒரு பார்வை. இது போதும். பழைய கேமரா, லென்ஸ் இருந்தால் அவற்றையும் தோல் பையிலிருந்து எடுத்து இதே டப்பாவில் வையுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து லென்ஸுக்குள் பூஞ்சை வளர்க்கும்.

11. லேமினேஷன் வேண்டவே வேண்டாம்.
சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. கிழிந்ததை செலோடேப்பால் ஒட்டுவதும் அப்படியே. டேப் உதிர்ந்த பிறகும் பழுப்புக் கறை தங்கும். தியேட்டர் வாசலில் விற்ற சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் வைத்திருப்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். அது மட்டமான தாள், தானாகவே பொடியும். மடிக்காமல், தனித்தனி உறையில் படுக்கை வசமாக வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துவிட்டால் பிறகு கையில் எடுத்துப் புரட்டும் தேவையே குறையும். கதைச் சுருக்கமும் நடிகர் பட்டியலும் அச்சிட்ட அந்தப் பக்கங்கள் தமிழ் சினிமா வரலாற்றுக்கு ஆவணங்கள்.

12. நெகட்டிவைக் குப்பையில் போடாதீர்கள்.
பிரிண்ட் மங்கியிருக்கலாம், ஸ்டூடியோ உறைக்குள் இருக்கும் பிலிம் துண்டு இன்னும் நன்றாக இருக்கக்கூடும். ஆக்பா கிளிக் 3 போன்ற கேமராக்களில் 120 வகை பிலிமில் 12 சதுரப் படங்கள் விழும். அந்த நெகட்டிவ், 35 மி.மீ. பிலிமைவிடப் பரப்பில் மூன்றரை மடங்கு பெரியது. உள்ளங்கையில் அடங்கும் பழைய சதுரப் படத்தை அதன் நெகட்டிவிலிருந்து சுவரளவு பெரிதாக்கலாம். 1960-ல் தொடங்கிய உதகமண்டலம் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' பிலிம் சுருள்களும் உங்கள் பெட்டியில் இருக்கலாம். அந்த ஆலை இன்று இல்லை.
வீட்டிலேயே பார்க்க ஒரு வழி: ஒரு டேப்லெட்டில் வெறும் வெள்ளைத் திரையை முழு வெளிச்சத்தில் வையுங்கள். திரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் செல்போன் கேமராவைப் பிடியுங்கள். நெகட்டிவைத் திரையில் படுக்க வைக்காமல் ஒரு விரல் கனம் தூக்கிப் பிடித்தால் திரையின் புள்ளிகள் படத்தில் விழாது. எடுத்த படத்தை எடிட்டிங் செயலியில் நிறம் தலைகீழாக்கினால் முகங்கள் எழுந்து வரும். ஓரத்தை மட்டும் பிடியுங்கள். விரல் ரேகை பிலிமில் நிரந்தரமாகப் பதியும்.

13. பிரிண்ட்டைப் பிரதி எடுப்பது.
ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ வையுங்கள். 4க்கு 6 அங்குலப் படத்துக்கு அது 86 லட்சம் புள்ளிகள் தரும். அதே அளவிலோ இருமடங்காகவோ அச்சடிக்கப் போதும். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200 வையுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால், வெயில் நேராக விழாத ஜன்னல் பக்கம் படத்தைத் தரையில் வைத்து, பிளாஷ் இல்லாமல், செல்போனைப் படத்துக்கு இணையாகப் பிடித்து எடுங்கள். பளபளப்பு விழுந்தால் செல்போனுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியை ஒருவர் விரித்துப் பிடிக்கட்டும்.

14. செயற்கை நுண்ணறிவு தீட்டும் முகம் உங்கள் தாத்தாவின் முகம் அல்ல.
மங்கிய படத்தைத் தெளிவாக்கும் செயலிகள், இல்லாத விவரத்தைத் தாங்களாகவே நிரப்புகின்றன. கண் இமை, பல்வரிசை, தோலின் சுருக்கம் எல்லாம் வேறு ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஊகம். கறுப்பு வெள்ளைக்கு நிறம் ஏற்றும்போது புடவையின் நிறமும் ஊகம்தான்; அரக்கு நிறமா பச்சையா என்று பாட்டிக்குத்தான் தெரியும். ஆசைக்குச் செய்து பார்க்கலாம். ஆனால் கோப்பின் பெயரிலேயே 'மாற்றியது' என்று எழுதி, அசல் ஸ்கேனைத் தொடாமல் தனியே வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை அந்தச் செயலியின் முகத்தையே தாத்தா என்று நம்பும்.

15. நம் தோல்நிறத்தைக் கேமராவுக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.
தானியங்கி கேமரா, தன் முன்னால் இருப்பதையெல்லாம் சராசரியாக நடுச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. வெள்ளைச் சுவர், வெள்ளை வேட்டி, நடுவே கறுத்த முகம் என்றால் வெள்ளையைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். குற்றம் முகத்தில் இல்லை. திரையில் முகத்தைத் தொடுங்கள், பிறகு வரும் சின்னச் சூரியக் குறியை மேலே தள்ளுங்கள், முகம் தெரியும். பின்னணி வெளுத்தால் வெளுக்கட்டும். வெளிர் பச்சை, நீலம், செங்கல் நிறச் சுவர் இருந்தால் இன்னும் சுலபம். உச்சி வெயிலில் கண்குழி கறுக்கும். திண்ணை, தாழ்வாரம், வேப்பமர நிழல் ஆகியவற்றில் முகத்தில் ஒளி சமமாக விழும்.
இதற்கு ஒரு வரலாறும் உண்டு. கோடக் நிறுவனம் கலர் பிரிண்ட் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அப்படி நின்ற ஊழியரின் பெயரால் அதை 'ஷெர்லி கார்டு' என்றார்கள். அந்தத் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்பது கணக்கு. கறுத்த தோல் மண்ணாகவும் கரியாகவும் வந்ததைப் பற்றி நெடுங்காலம் யாரும் கவலைப்படவில்லை. சாக்லேட்டும் மரச்சாமான்களும் விளம்பரப் படங்களில் சரியாக வரவில்லை என்று நிறுவனங்கள் புகார் செய்த பிறகுதான் பிலிமின் குணம் மாறத் தொடங்கியது. இன்று கூகுள் நிறுவனம் 2021-ல் பிக்ஸல் 6 போனோடு கொண்டுவந்த 'ரியல் டோன்' போன்ற முயற்சிகள் இருக்கின்றன. அதே நேரத்தில் பல போன்களில் அழகுபடுத்தும் வசதி, வாங்கும்போதே இயங்கும் நிலையில் வந்து, நம்மை வெளுப்பாக்கிக் காட்டுகிறது. கேமரா அமைப்பில் தேடி அதை அணைத்துவிடுங்கள். குழந்தைகளின் போனில் கட்டாயம் அணையுங்கள். தன் நிறம் திருத்த வேண்டிய ஒன்று என்று ஒரு குழந்தை தினமும் கண்ணாடி பார்ப்பது போல் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூடாது.

16. வீடியோவில் ஓடும் கறுப்புக் கோடுகள்.
நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. பழைய டியூப்லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் அதனால் விநாடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். கேமரா அமைப்பில் ஃப்ளிக்கர் என்ற இடத்தில் 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். ஷட்டர் வேகத்தை மாற்ற முடிந்தால் 1/50 அல்லது 1/100 வையுங்கள். மண்டபத்து விளக்கொளியில் ஸ்லோமோஷன் எடுக்காதீர்கள்.

17. எடுப்பதற்கு முன் லென்ஸைத் துடையுங்கள்.
சட்டை நுனிக்குப் பதில் மூக்குக்கண்ணாடித் துணியால் துடையுங்கள். விளக்கைச் சுற்றி வரும் புகைமூட்டம் பாதிக்கு மேல் விரல் எண்ணெய்தான்.

18. கல்யாண ஸ்டூடியோவிடம் அசல் கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள்.
கரிஸ்மா ஆல்பத்தில் இடம்பெறுவது எடுத்ததில் சிறு பகுதி. மீதியில்தான் பந்தி, பாட்டி, தூங்கும் குழந்தை எல்லாம் இருக்கும். ஸ்டூடியோக்காரர்கள் இடத்துக்காகச் சில காலத்தில் அழித்துவிடுவார்கள். முன்பணம் கொடுக்கும்போதே இதைப் பேசி முடித்து, ஹார்டு டிஸ்க்கைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

19. வாட்ஸ்அப் படம் அசல் அல்ல.
அனுப்பும்போது அது படத்தைச் சுருக்குகிறது. எடுத்த தேதி, இடம் போன்ற குறிப்புகளையும் நீக்குகிறது. எச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் சுருக்கம் குறையும், போகாது. சேமித்து வைக்க வேண்டிய படமானால் டாக்குமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். குடும்பக் குழுவில் வந்து விழும் காலை வணக்கப் படங்கள் தானாகச் சேமிக்கப்படுவதை அமைப்பில் நிறுத்திவிட்டால், அத்தனை பூக்களுக்கும் நடுவே குழந்தையின் முதல் நடையைத் தேட வேண்டி இராது.

20. மூன்று பிரதி, இரண்டு வகை, ஒன்று வெளியூரில்.
அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 என்ற இந்த விதி வீட்டுக்கும் பொருந்தும். செல்போனிலோ கணினியிலோ ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. கூகுள் போட்டோஸின் அளவில்லா இலவச இடம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது மின்னஞ்சலையும் சேர்த்து 15 ஜிபி. இடம் நிறைந்தால் புதிய படங்கள் ஏறுவது நின்றுவிடும், கவனிக்காவிட்டால் தெரியாது. பென்டிரைவ் எடுத்துப்போக மட்டும். அதில் மட்டுமே வைத்துப் பல ஆண்டு மூடிவைத்தால் பதிவு மங்கும்.
இணையக் கணக்கின் சாவியையும் யோசியுங்கள். இரண்டு ஆண்டு தொடாத கணக்கை அழிக்கலாம் என்பது கூகுளின் விதி. அதே கணக்கின் அமைப்பில், நாம் இல்லாத காலத்தில் யாருக்குப் படங்கள் போக வேண்டும் என்று குறிக்க இடம் இருக்கிறது. ஐபோனிலும் மரபுத் தொடர்பாளரைச் சேர்க்கலாம். வீட்டுப் பத்திரம், வங்கி நாமினி பற்றிப் பேசும் அன்றைக்கே இதையும் பேசி முடியுங்கள்.

21. நனைந்த போனை அரிசியில் புதைக்காதீர்கள்.
அரிசித் தூசியும் நொய்யும் துளைக்குள் போகும். ஆப்பிள் நிறுவனமே 2024-ல் வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. அணைத்து, உறையைக் கழற்றி, துடைத்து, சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி சாய்த்து மின்விசிறிக்கு எதிரே வையுங்கள். முழுதும் காயும்வரை சார்ஜரைச் செருகாதீர்கள்.

22. சும்மா கிடக்கும் கருவியில் பேட்டரி வேண்டாம்.
பழைய கேமரா, டேப்ரிக்கார்டர், ரிமோட் எல்லாவற்றிலிருந்தும் செல்களை எடுத்துவிடுங்கள். ஆல்கலைன் செல் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால், கையுறையோடு, வினிகர் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து நன்றாகக் காயவையுங்கள். பழைய செல்போனைப் பாதிச் சார்ஜில் வைக்க வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாமல், குத்தாமல் மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள். கொடுக்கும் முன் உள்ளே இருக்கும் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

23. பழைய படத்தை டிவியில் அதன் அளவிலேயே பாருங்கள்.
இதில் அவசரம் ஒன்றும் இல்லை, ஆனால் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு மிகவும் உதவும். அகலத்திரைக்கு முந்தைய தமிழ்ப்படங்கள் ஏறத்தாழ 4:3 சட்டத்தில் எடுத்தவை. இன்றைய 16:9 டிவியில் திரை நிறைய இழுத்து வைத்தால் எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடிவிடுவார்கள். 1952-ல் 'பராசக்தி'யில் மெலிந்த உடம்போடு வந்து நின்ற சிவாஜியைத் தடியராகப் பார்ப்பது அவருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் செய்யும் அநீதி. ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 அல்லது ஒரிஜினல் என்று மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்பு வருவதுதான் சரி. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' (1973) போன்றவற்றுக்கு மேலும் கீழும் கறுப்பு வரும். அதுவும் சரியே, ஜூம் செய்தால் ஓரத்தில் நிற்பவர்கள் வெட்டுப்படுவார்கள்.
சினிமா விநாடிக்கு 24 சட்டம். புது டிவிகள் நடுவே தாங்களாகச் சட்டங்களை உருவாக்கிச் சேர்த்து, நல்ல படத்தையும் சீரியல் போல் வழுக்க வைக்கின்றன. 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸ் ஒரு வீடியோவில் தோன்றி, இந்த வசதியை அணைத்துவிட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர் மாறும். கிரிக்கெட்டுக்கு இருக்கட்டும், சினிமாவுக்கு அணைத்துவிடுங்கள்.